கிளி தன் நோயைச் சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும்

படிவம் நான்கில் படிக்கும் ஒரு மாணவர் இந்த ஆண்டு ஒரு காக்கட்டியல் குஞ்சு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பராமரித்தால் அந்தப் பறவை 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். மாணவர் எஸ்.பி.எம். எழுதுவார், மெட்ரிகுலேசன் அல்லது படிவம் ஆறு முடிப்பார், பட்டம் பெறுவார், வேலைக்குச் செல்வார், ஒருவேளை திருமணமும் செய்துகொள்வார். அப்போதும் அந்தக் கிளி கூண்டில் அமர்ந்து காலை உணவுக்காகக் காத்திருக்கும். சன் கோனூரும் பச்சைக்கிளியும் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியோ 40 ஆண்டுகளையும் தாண்டும். நம்மவர்கள் பொதுவாக ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைக்கும் சிறிய பட்ஜிகூட 5 முதல் 10 ஆண்டுகள் வரை நம்முடன் இருக்கும்.

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், குளுவாங், பத்து பகாட் என எந்த ஊர் செல்லப்பிராணிக் கடைக்குச் சென்றாலும் கிளிக் குஞ்சுகளைப் பார்க்கலாம். முகநூலிலும் படம் போட்டு விற்கிறார்கள். பள்ளி விடுமுறையில் ஆசைப்பட்டு வாங்குவது எளிது. அதன் பிறகு வரும் முதல் சில மாதங்களில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அவற்றைத் தவிர்க்க ஓர் உண்மையை மனத்தில் பதிய வைக்க வேண்டும்: கிளி தன் நோயை மறைக்கும் பறவை.

காட்டில் கூட்டத்தோடு வாழும் கிளி பலவீனமாகத் தெரிந்தால் பருந்துக்கு முதலில் இரையாகும். அதனால் உடல்நலம் குன்றினாலும் முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பிடுவதுபோல் கொத்திக்கொண்டே இருக்கும். வீட்டுக் கூண்டிலும் அந்த இயல்பு மாறுவதில்லை. “நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, இன்று காலையில் செத்துக் கிடந்தது” என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். நேற்றும் அது நன்றாக இருந்திருக்காது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்

கிளி என்றதும் நம்மில் பலருக்கு கிளி ஜோசியம் நினைவுக்கு வரும். 2010 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஜோதிடர் முனியப்பனின் ‘மணி’ என்ற பச்சைக்கிளி உலகச் செய்தியானது. காலிறுதி ஆட்டங்களின் முடிவுகளை அது சரியாகச் சொன்னது. இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் அட்டையை எடுத்தது, வென்றதோ ஸ்பெயின்.

அதே பச்சைக்கிளியை இந்தியாவில் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், கடலூரில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்த காணொளி பரவியதும், தமிழ்நாடு வனத்துறை அந்த ஜோதிடரிடமிருந்த கிளிகளைக் கைப்பற்றியது. ஒரே பறவைதான், ஆனால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

நம் நாட்டில், தீபகற்ப மலேசியாவுக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716 பொருந்தும். 2022-இல் அது திருத்தப்பட்டுத் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. இதை நடைமுறைப்படுத்துவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. செம்பனைத் தோட்டங்களின் மேல் கூச்சலிட்டபடி பறக்கும் நீண்ட வால் கிளி, தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் குட்டிச் செரிண்டிட் ஆகியவை நம் மண்ணின் கிளிகள். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அவற்றை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். நீண்ட வால் கிளி உலக அளவிலேயே எளிதில் அழியக்கூடிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இணைய விற்பனையில் இன்னும் கவனம் தேவை. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் ட்ராஃபிக் அமைப்பு தீபகற்ப மலேசியாவின் 14 முகநூல் குழுக்களை 5 மாதம் கண்காணித்து, 2016-இல் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 80 இனங்களைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட உயிருள்ள காட்டு விலங்குகள் அவற்றில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன.

ஆகவே பணம் கொடுக்கும் முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, இனத்தின் சரியான பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கு உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டாவது, காலில் மூட்டு இல்லாத முழு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு பிறந்த சில நாட்களில், கால் சிறியதாக இருக்கும்போது மட்டுமே அத்தகைய வளையத்தை மாட்ட முடியும். எனவே அது கூண்டில் பிறந்த பறவை என்பதற்கு நல்ல அடையாளம். மூன்றாவது, ரசீதையும் உரிமப் பத்திரங்களையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சிங்கப்பூரில் இருக்கும் உறவினருக்குக் கிளியைப் பரிசாகக் கொண்டுபோகலாம் என்றும் நினைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் பறவையோடு பாலத்தைக் கடப்பது குற்றம்.

குஞ்சு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லதா?

“கையால் ஊட்டி வளர்த்தால்தான் பாசமாக இருக்கும்” என்று சொல்லி, இறகுகூட முளைக்காத குஞ்சை விற்பவர்கள் உண்டு. முதல்முறை வளர்ப்பவர் இதை ஏற்கக் கூடாது. குஞ்சுக்கு ஊட்டும் கூழ் 40 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் கழுத்துக்குக் கீழே உள்ள இரைப்பை வெந்துவிடும். குறைந்தால் உணவு செரிக்காமல் அங்கேயே தேங்கிப் புளித்துவிடும். ஊட்டும்போது கூழ் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமிடங்களில் உயிர் போகும். பள்ளிக்குச் செல்லும் மாணவரால் பகலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டவும் முடியாது.

தானாகத் தின்னப் பழகிய குஞ்சையே வாங்குங்கள். காக்கட்டியலுக்கு இந்தப் பருவம் ஏறக்குறைய 8 முதல் 10 வாரங்களில் வரும். கடையில் நின்று அது தானே கொறித்துத் தின்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். பாசம் ஊட்டுவதால் மட்டும் வருவதில்லை. அன்றாடம் பொறுமையாகப் பழகினாலே வரும்.

முதல் வாரம்: கூண்டும் தூக்கமும்

இரு சிறகுகளையும் முழுதாக விரித்தாலும் கம்பியில் இடிக்காத அளவுக்குக் கூண்டு அகலமாக இருக்க வேண்டும். தலை நுழையாத அளவுக்குக் கம்பி இடைவெளி குறுகலாக இருக்க வேண்டும். துருப்பிடித்த கூண்டு வேண்டாம்; கிளி கம்பியைக் கடிக்கும், உலோகம் உடலில் சேர்ந்து நஞ்சாகும். வழுவழுப்பான ஒரே அளவு குச்சிகளில் நாள் முழுவதும் நின்றால் பாதத்தில் புண் வரும். பூச்சிமருந்து தெளிக்காத கொய்யா மரக் கிளைகளை நன்கு கழுவிக் காயவைத்து, தடிமன் மாறி மாறி வருமாறு பொருத்துங்கள். அதற்குச் செலவே இல்லை.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருந்தால் குஞ்சுக்குப் பாதுகாப்பு உணர்வு வரும். சமையலறையும் நேர்வெயில் படும் இடமும் வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகுகளை உடலைவிட்டுத் தள்ளி வைத்திருந்தால், வெப்பம் தாங்கவில்லை என்று பொருள்.

கிளிக்கு ஓர் இரவுக்கு 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பல வீடுகளில் வரவேற்பறைத் தொலைக்காட்சி இரவு 11 மணிவரை ஓடுகிறது. கூண்டும் அங்கேயே இருக்கிறது. தூக்கம் கெட்ட கிளி எரிச்சலோடு கடிக்கும், கத்தும். இரவு 8 மணிக்கு அமைதியான அறைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். காக்கட்டியல் இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் படபடத்துக் காயம்பட்டுக்கொள்வது உண்டு. அதற்கு மட்டும் மங்கலான ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

கூண்டிலிருந்து வெளியே விடும் முன் மேலே பாருங்கள். சுழலும் மின்விசிறி பறக்கும் கிளியைக் கொன்றுவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலை மூடுங்கள், கழிவறைக் கதவைச் சாத்துங்கள், அடுப்பில் எண்ணெய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இந்த நான்கையும் கூண்டுக் கதவிலேயே எழுதி ஒட்டி வைக்கலாம்.

தட்டில் என்ன வைப்பது?

சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்ப்பது நம்மிடையே பரவலாக உள்ள தவறு. அது கிளிக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் கொழுப்பு மிகுதி, வைட்டமின் ஏ குறைவு. தினமும் அதையே தின்றால் கல்லீரல் கெடும், மூச்சுத் தொற்றும் எளிதில் வரும். கிளிகளுக்கென்றே செய்யப்பட்ட பெல்லட் உணவு முதன்மையாக இருக்கட்டும். கூடவே தினமும் காய்கறி, கீரை கொடுங்கள். கேரட், பூசணி, முருங்கைக் கீரை, சாவி, கங்கோங் எல்லாமே நல்லவை. பப்பாளி, கொய்யா கொஞ்சமாகக் கொடுக்கலாம். பச்சை மிளகாயைக் கண்டு பயப்பட வேண்டாம். மிளகாயின் காரப் பொருளைப் பறவைகளின் நரம்புகள் உணர்வதில்லை. கிளி ரசித்துத் தின்னும்.

பழக்கிய உணவை ஒரே நாளில் மாற்றக் கூடாது. புதிய உணவை உணவென்றே அறியாமல் குஞ்சு பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், தே, கோப்பி, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்பும் எண்ணெயும் நிறைந்த முறுக்கு போன்ற பலகாரங்கள். வீட்டுக்கு வரும் விருந்தினர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அன்பாக ஒரு வாய் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

அதன் மூச்சு நம் மூச்சு அல்ல

பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. உடலெங்கும் உள்ள காற்றுப் பைகள் அதைத் தள்ளிக்கொடுக்கின்றன. பறப்பதற்குத் தேவையான உயிர்வளியை இழுக்க அருமையான ஏற்பாடு இது. ஆனால் காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் நம்மைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளை உள்ளே கொண்டுசென்றதற்குக் காரணம் இதுதான். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் மனிதருக்கு முன்பே அந்தப் பறவை மயங்கி விழும்.

ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வெளிவரும் ஆவி, பக்கத்து அறையில் இருக்கும் கிளியைக்கூடச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவத்தி, பூச்சி மருந்துத் தெளிப்பான், வாசனைத் தெளிப்பான், சிகரெட் புகை ஆகியவையும் ஆபத்தானவை. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கற்பூரமும் நம் வீட்டு வழக்கம். அதை விட வேண்டியதில்லை. கிளியை வேறோர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, புகை அடங்கிய பிறகு திரும்பக் கொண்டு வந்தால் போதும்.

காற்று கெட்டால் என்ன ஆகும் என்பது ஜொகூர் மாணவர்களுக்குப் புதிதல்ல. 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால், நமக்கே அது ஆரோக்கியமற்ற நிலை. அன்று கூண்டு வெளித் திண்ணையில் இருக்கக் கூடாது.

ஒரு தராசு, ஒரு நோட்டுப்புத்தகம்

நோயை மறைக்கும் பறவையிடமிருந்து உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது? அதன் நடிப்பை எடை காட்டிக்கொடுத்துவிடும். இறகுகள் உடலை மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும்.

கேக் செய்யப் பயன்படும், கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு போதும். தினமும் காலையில், எச்சமிட்ட பிறகு, உணவு வைக்கும் முன், அதே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். வளர்ந்த காக்கட்டியல் பொதுவாக 80 முதல் 110 கிராம் இருக்கும். பட்ஜி 30 முதல் 40 கிராம். ஆனால் பொதுக் கணக்கைவிட உங்கள் கிளியின் சொந்தக் கணக்குதான் முக்கியம். எடுத்துக்காட்டாக, வழக்கமாக 92 கிராம் இருக்கும் கிளி ஒரே வாரத்தில் 91, 89, 86, 83 என்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 9 கிராம்தான். இரண்டு தேக்கரண்டிச் சீனியின் எடை. ஆனால் அது உடல் எடையில் 10 விழுக்காடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு வாரத்தில் 6 கிலோ இழப்பதற்குச் சமம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நோட்டில் எடையோடு இன்னும் மூன்றை எழுதுங்கள்: எவ்வளவு தின்றது, எச்சம் எப்படி இருந்தது, நடத்தையில் மாற்றம் உண்டா. நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: பச்சை அல்லது பழுப்பு நிறக் கழிவு, வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர். தட்டில் வெள்ளைத் தாள் விரித்தால் மாற்றம் உடனே தெரியும். பகலில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்குவது, கூண்டின் தரையில் உட்காருவது, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது ஆகியவை வெளியே தெரிந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவைகளுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. உங்கள் ஊருக்கு அருகில் யார் பார்ப்பார் என்பதைக் கிளி வாங்கும் முன்பே விசாரித்து எண்ணைக் கைப்பேசியில் சேமியுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கிளியிடமிருந்து மனிதருக்குப் பரவும் சிட்டாகோசிஸ் என்ற நுரையீரல் தொற்று உண்டு. 1929, 1930-ஆம் ஆண்டுகளில் அது பல நாடுகளில் பரவிப் பலரைக் கொன்றது. இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணப்படுத்தலாம். கூண்டைச் சுத்தம் செய்த பின் சோப்பால் கை கழுவுங்கள். உங்களுக்கு நீடித்த காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பேச வைப்பதற்கு முன் கேளுங்கள்

‘சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை’ என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. வெனிசுவேலாவில் சிறு கிளிகளை ஆராய்ந்த கார்ல் பெர்க் குழுவினர் 2011-இல் ஒன்றைக் கண்டறிந்தனர். கூட்டில் இருக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பெற்றோர் ஒரு தனி ஒலியைக் கொடுக்கின்றன. ஏறக்குறைய ஒரு பெயர் போல. முட்டைகளை வேறு கூட்டுக்கு மாற்றி வைத்தபோதும், வளர்த்த பெற்றோர் கொடுத்த ஒலியையே குஞ்சுகள் கற்றுக்கொண்டன. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977-இல் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007-இல் இறக்கும் முன் நூறுக்கும் மேற்பட்ட சொற்களைப் பயன்படுத்தியது. நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது.

இத்தகைய மூளைக்கு வெறும் கூண்டு சிறை. கடித்துக் கிழிக்கக் காகிதம், தேடித் தின்ன ஒளித்து வைத்த உணவு, தினமும் கூண்டுக்கு வெளியே சில மணி நேரம் ஆகியவை அதற்கு வேண்டும். பழக்கும்போது கையைத் துரத்திப் பிடிக்காதீர்கள். நல்லது செய்தால் உடனே ஒரு துண்டு விருப்ப உணவு கொடுங்கள். கடித்தால் கத்தாதீர்கள். உங்கள் சத்தம் அதற்கு விளையாட்டாகிவிடும். தலையையும் கழுத்தையும் மட்டும் வருடுங்கள். முதுகை வருடினால் வளர்ந்த கிளி அதை இணை தேடும் அழைப்பாக எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் வெளியூர் போகும் நாள்

இனி முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம். எஸ்.பி.எம். முடிந்து நீங்கள் சிந்தோக்குக்கோ கோத்தா கினபாலுவுக்கோ படிக்கப் போகும்போது கிளி என்ன ஆகும்? பல்கலைக்கழக விடுதிக்குக் கிளியைக் கொண்டுபோக முடியாது. கூட்டமாக வாழப் பிறந்த பறவை, ஒரே ஒருவரிடம் மட்டும் பழகியிருந்தால், அவர் போனதும் தன் இறகைத் தானே பிடுங்கும், நாளெல்லாம் கத்தும். ஆகவே முதல் மாதத்திலிருந்தே அம்மா, அப்பா, தம்பி, தங்கை என்று வீட்டில் எல்லார் கையிலிருந்தும் அது உணவு வாங்கப் பழக வேண்டும். உங்களுக்குப் பிறகு யார் பொறுப்பு என்பதை வாங்கும் முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். கூண்டு, உணவு, மருத்துவர் கட்டணம் எல்லாம் யார் கொடுப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரிந்த பழமொழிதான். பொறுப்பில்லாதவர் கையில் விட்டுச் செல்வதும் அதுதான். பொறுப்பேற்க யாரும் இல்லை என்றால், இப்போது வாங்காமல் இருப்பதே கிளிக்குச் செய்யும் நன்மை. வேலைக்குச் சென்ற பிறகு வாங்கலாம். அதுவரை பறவை வளர்க்கும் நண்பர் வீட்டில் கூண்டு கழுவ உதவுங்கள், நிறைய கற்றுக்கொள்வீர்கள்.

ஏற்கெனவே வீட்டில் கிளி இருக்கிறதா? அப்படியானால் நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். தராசை எடுத்து வையுங்கள், நோட்டில் தேதி போடுங்கள், முதல் எண்ணை எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கிளியின் இயல்பு உங்களுக்கு எண்களாகவே தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் பிடித்துப்போனால், மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவப் படிப்பு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பறவைகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் நமக்கு இன்னும் தேவை.